ஞாயிற்றுக்கிழமைச் சிலைகள்

ஜூன் 8, திங்கள்

மருமகளுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கவில்லை. நலமாக இருந்தால் நீ போனை எடுத்திருப்பாய். எடுக்காததும் ஒரு வகையில் நல்லதுதான். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சண்டையைப் பிடித்துக்கொள்வேன். எழுதினால் கை வலிக்கும், அதனால் தேவையானதை மட்டும் எழுதுவேன். நம் லாரி வாரத்துக்கு இரண்டு நடை உன் பக்கம் வருகிறது. டிரைவர் இதை நீ வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் கொடுப்பார். பதில் எழுத மனசிருந்தால் அவரிடமே கொடு.

விஷயம் இதுதான். கால்பந்துப் பிள்ளைகள் திரும்ப வர ஆரம்பித்துவிட்டார்கள்.

யாரும் கூப்பிடவில்லை. என் மகன் போன பிறகு மைதானத்துக் கேட்டை நான் பூட்டவுமில்லை, போய்ப் பார்க்கவுமில்லை. குடோன் கட்டத்தான் அந்த இடத்தை வாங்கினேன், நீங்கள் இரண்டு பேரும் அதில் கோல் கம்பம் நட்டீர்கள், அது பழைய கதை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தேன். பன்னிரண்டு பேரும் உள்ளே நிற்கிறார்கள். அதே மஞ்சள் பனியன். ஒரு வருஷம் வளர்ந்ததில் சிலருக்குத் தொப்புள் தெரிகிறது.

சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே. சத்தமே இல்லை. எட்டு வயசு, ஒன்பது வயசுப் பிள்ளைகள் பந்து ஆடினால் எப்படி இருக்கும்? முன்பெல்லாம் கடையில் கயிறு அளக்கிறவன் பாதியில் எண்ணிக்கை தப்பி முதலிலிருந்து அளப்பான். இப்போது ஊமைப்படம் மாதிரி ஓடுகிறார்கள். அவன் சொல்லிக்கொடுத்த அதே வரிசை. முதலில் ஓட்டம், பிறகு ஜோடி ஜோடியாகப் பந்து கொடுப்பது, பிறகு இரண்டு கட்சி பிரிந்து ஆட்டம். ஆட்டத்தின் நடுவில் திடீரென்று எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். யாரும் சொல்வதில்லை. ஓடினவன் ஓடின கோலத்தில், குனிந்தவள் குனிந்த கோலத்தில். அதற்குப் பிறகு அசைவதில்லை. பெற்றவர்கள் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போகும் வரை அப்படியே.

எனக்கு அது எந்த இடம் என்று தெரியும். அன்றைக்கு நீ காய்ச்சலில் படுத்திருந்தாய், நான் ஜன்னலில் இருந்தேன். பந்து கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு உருண்டது. பிள்ளைகள் பின்னாலேயே ஓடப் பார்த்தார்கள். அவன், "சிலை" என்று ஒரு கத்துக் கத்தினான். உங்கள் விளையாட்டு வார்த்தைதானே, எல்லாம் அப்படியே நின்றது. "நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்கப் போனான். தண்ணீர் லாரி வந்தது. கூட்டம் கூடி, அலறி, நான் செருப்பில்லாமல் ஓடி, இத்தனைக்கும் உள்ளே ஒரு பிள்ளை அசையவில்லை. போதும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டியவன் ரோட்டில் கிடந்தான்.

பெற்றவர்கள் மிரண்டு போயிருக்கிறார்கள். அந்தக் குட்டிப் பெண் பட்டாணி இருக்கிறாளே, அவளுடைய அப்பா தையல்காரர், கடைக்கே வந்துவிட்டார். "எடத்துல என்னவோ இருக்கு கடைக்காரம்மா. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அப்புறமும் இப்படின்னா கேட்டைப் பூட்டிருங்க" என்றார். பூட்டினால் எனக்கு நஷ்டமில்லை, குடோன் எழும்பும். ஆனால் ஒன்று யோசித்துப் பார். என் மகன் கடைசியாகச் சொன்ன வேலையை இன்னும் செய்துகொண்டிருப்பது அந்தப் பன்னிரண்டு பேர்தான். அவர்களை நிற்கவைத்துவிட்டு மேலே தகரம் போட என்னால் முடியாது.

ஆகவே நீ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதிக் கொடு. பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி என்னென்ன ஆட வேண்டும், எதற்குப் பிறகு எது என்று. எனக்குப் பந்து உருண்டையாக இருக்கும் என்பது வரைதான் தெரியும்.

அத்தை


ஜூன் 11

அத்தைக்கு,

நீங்கள் கடைசியாக என்னிடம் பேசியதை நான் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் முன்னால். "நீ கொண்டுவந்த விளையாட்டுதான் என் புள்ளையக் கொண்டுபோச்சு." அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னதில் பொய் இல்லை. என்னைக் கல்யாணம் செய்யும் வரை அவர் பந்தைத் தொட்டதில்லை. நான்தான் கற்றுக்கொடுத்தேன். என்னைவிட நன்றாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். இப்போது அதே விளையாட்டை எழுதி அனுப்பு என்கிறீர்கள்.

என்னால் முடியாது. நான் இங்கே பல் வலியோடு வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறேன். யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. எனக்கு இது ஒத்துப்போகிறது.

ஊரில் வேறு கோச் கிடைப்பார்கள். ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆள் பிடிக்கத் தெரியாதா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். நிற்கும்போது பிள்ளைகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார்கள்?


ஜூன் 15, திங்கள்

மருமகளே,

நீ சொன்னபடி ஆள் பிடித்தேன். கறுப்புக் கண்ணாடி போட்ட பையன், கழுத்தில் விசில், பையில் ஸ்பீக்கர். பேசின பேச்சைப் பார்த்தால் உலகக் கோப்பையை வீட்டில் ஊறுகாய் போட்டு வைத்திருப்பான் போல. நானும் என் பங்குக்கு ஒரு மேஜை நிறையப் பரிசு அடுக்கினேன். தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா, பிளாஸ்டிக் வாளி. ஓடி ஜெயித்தவனுக்கு வாளியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் கடைக்காரம்மா" என்றான், துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி.

பாட்டு அலறுகிறது, அந்தப் பையன் குதிக்கிறான், பிள்ளைகள் சொன்னதையெல்லாம் செய்கிறார்கள். அப்புறம் நின்றுவிட்டார்கள். அவன் விசில் ஊதினான், கை தட்டினான், ஒரு பையனின் தோளைப் பிடித்து உலுக்கினான். உலுக்கின பையன் கல் மாதிரி சாய்ந்து திரும்ப நிமிர்ந்தான். அதோடு இவனுக்கு வேர்த்துவிட்டது. ஸ்பீக்கரை அணைக்காமலே தூக்கிக்கொண்டு போய்விட்டான். தெருமுனை வரை பாட்டுக் கேட்டது.

நீ கேட்டதற்குப் பதில். எல்லாரும் கேட்டைப் பார்த்து நிற்கிறார்கள். பட்டாணி மட்டும் கேட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். வலது கால் கொஞ்சம் முன்னால் இருக்கிறது, பந்தை உதைத்துவிட்டு அப்படியே திரும்பிக்கொண்ட மாதிரி.

வராந்தாவில் சொன்னதைப் பற்றி எழுதியிருக்கிறாய். என் கடையில் போர்டு தொங்குவது உனக்குத் தெரியும், வெட்டிய கயிறு திரும்ப வாங்கப்படாது. சொன்ன சொல்லும் அப்படித்தான். வாங்கிக்கொள்கிறேன் என்று நான் சொன்னாலும் அது உன் காதிலிருந்து வெளியே வரப் போகிறதா? ஆனால் இதைத் தெரிந்துகொள். அன்றைக்கு யாரையாவது திட்டாமல் என்னால் மூச்சு விட முடியவில்லை. பக்கத்தில் நின்றது நீ. வேறு எவளாவது நின்றிருந்தால் அவளைத் திட்டியிருப்பேன். உன்னைத் திட்டினால் நீ தாங்குவாய் என்று எங்கேயோ நினைத்துவிட்டேன் போல. மருமகள்தானே என்று.

எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்று ஏன் கேட்டாய்? சும்மா கேட்கிறவள் இல்லை நீ.

அத்தை


ஜூன் 18

அத்தைக்கு,

டிரைவரை அரைமணி நேரம் காத்திருக்க வைத்துவிட்டேன். அவரைத் திட்டாதீர்கள்.

சிலை ஆட்டம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கினது. ஆரம்பத்தில் யார் வேண்டுமானாலும் தொட்டு விடுவிக்கலாம் என்று வைத்திருந்தோம். பிள்ளைகள் ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டு ஆட்டமே சந்தை ஆகிவிட்டது. அதனால் சட்டத்தை மாற்றினோம். யார் நிறுத்தினார்களோ அவர்கள்தான் விடவேண்டும். அதனால்தான் அந்தப் பையனின் விசில் எடுபடவில்லை. உங்கள் குரலும் எடுபடாது. என் குரலும்தான். எந்தப் பக்கம் என்று கேட்டதும் இதற்குத்தான், விடவேண்டியவர் வரும் பக்கம்தான் பார்த்து நிற்பார்கள். இந்தச் சட்டத்தை நாங்கள் ஒரு சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே போட்டோம்.

இங்கே நாற்சந்தியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் விசில் ஊதுவார். ஒவ்வொரு தடவையும் என் கை டோக்கன் மேலேயே நின்றுவிடுகிறது. டாக்டர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து வருகிறார். ஆகவே பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குப் புதிதாக இல்லை.

சரி. எழுதுகிறேன். இதில் சிலை கிடையாது. விசிலும் கிடையாது. பரிசு மேஜையைக் கடைக்குள் போடுங்கள், பரிசு வைத்தால் ஒருவன் சிரிப்பான், பதினோரு பேர் அவன் சிரிப்பதைப் பார்ப்பார்கள்.

வரிசையில் நிற்க வைக்காதீர்கள். வரிசையில் நிற்கிற பிள்ளை விளையாடவில்லை, காத்திருக்கிறது. இவர்கள் காத்திருந்தது போதும். பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பந்து வேண்டும். முதல் பிள்ளை கேட்டுக்குள் கால் வைத்ததுமே கையில் கொடுத்துவிடுங்கள், மற்றவர்கள் வரட்டும் என்று உட்கார வைக்காதீர்கள்.

எல்லாரும் வந்ததும் தார்ப்பாயில் ஆளுக்கொரு துண்டு கிழித்து இடுப்பில் வால் மாதிரிச் செருகச் சொல்லுங்கள். பந்தைக் காலில் வைத்துக்கொண்டே அடுத்தவர் வாலைப் பிடுங்க வேண்டும், தன் வாலைக் காப்பாற்ற வேண்டும். வால் போனவர் உங்களிடம் ஓடிவந்து வேறு வால் வாங்கிக்கொள்ளலாம். அவுட் என்ற பேச்சே கூடாது. நீங்களும் ஒரு வால் செருகிக்கொண்டால் நல்லது. மாட்டீர்கள், தெரியும்.

அடுத்து நான்கு மூலையிலும் கயிற்றால் ஒரு வட்டம் போடுங்கள், அது வீடு. பந்துகளை எல்லாம் நடுவில் கொட்டிவிடுங்கள். மூன்று பேருக்கு ஒரு வீடு. பந்தைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் சேர்க்க வேண்டும், நடுவில் தீர்ந்துவிட்டால் அடுத்த வீட்டில் திருடலாம். ஐந்து நிமிஷத்தில் ஊரே திருடர்களாகிவிடும். அதட்டாதீர்கள். கடைசியில் மூன்று பேர் மூன்று பேராகச் சின்ன கோல் வைத்து ஆட்டம், கோல்கீப்பர் வேண்டாம்.

எதையும் விளக்கிச் சொல்லாதீர்கள். நீங்கள் பேசுகிற நேரமெல்லாம் அவர்கள் நிற்கிற நேரம்.

முக்கியமானது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். ஒருவர் பிள்ளைகளுக்கு நடுவில், ஒருவர் கேட்டில். கேட்டை விட்டு நகரவே கூடாது. நாங்கள் ஒரு நாளும் தனியாக நடத்தியதில்லை. அந்த ஒரு நாள் தவிர.


ஜூன் 22, திங்கள்

மருமகளே,

வால் செருகிக்கொண்டேன். நீல வால். கடை ஆட்கள் நேற்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை, சிரிப்பு வந்துவிடும் என்று பயம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். உன் வால் ஆட்டம் ஓடியது. மூட்டை என்று ஒரு குண்டுப் பையன் உண்டே, அவன் தன் வாலைப் பாதுகாக்க வேலிப் பக்கம் முதுகை ஒட்டிக்கொண்டு பக்கவாட்டிலேயே நடந்தான், நண்டு மாதிரி. அதைப் பார்த்து ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது ஒட்டுவாரொட்டி மாதிரி பரவியது. திருட்டு ஆட்டத்தில் ஒருத்தன் என் காலடியில் கிடந்த பந்தையே திருடிக்கொண்டு போனான். சுவருக்கு அந்தப் பக்கம் பெற்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். தையல்காரர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார், சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

கடைசி ஆட்டம். மூன்று பேர் மூன்று பேர். நான் நீ சொன்னபடி கேட்டை விட்டு நகரவில்லை. ஒரு பந்து யார் முழங்காலிலோ பட்டு என்னைப் பார்த்து உருண்டு வந்தது. வெளியே போகவில்லை, என் காலில் பட்டு நின்றுவிட்டது. நன்றாகக் கேள், நின்றேவிட்டது. ஆனாலும் மைதானத்தில் சத்தம் அறுந்துபோனது. பன்னிரண்டு பேரும் சிலை.

ஏன் என்று கேட்காதே, நானும் அசையவில்லை. எனக்கு முதுகுக்குப் பின்னால் ரோடு இருந்தது. திரும்பினால் அவன் பந்தோடு வந்துகொண்டிருப்பான் என்று தோன்றியது. திரும்பாமல் இருக்கும் வரை வந்துகொண்டே இருப்பான் என்றும் தோன்றியது. நான் பேய் பிசாசுக்குப் பயந்து வளர்ந்தவள் இல்லை, பயந்திருந்தால் அந்தக் காலத்தில் தனியாக நடைபாதையில் கயிறு விற்றிருக்க முடியாது. இது பயமில்லை. ஆசை. அதுதான் மோசம். லோடு மேஸ்திரி வந்து லாரிச் சாவி கேட்டு, இரண்டு முறை கேட்டு, பதில் வராமல் திரும்பிப் போயிருக்கிறான்.

பிறகு எப்படியோ காலை எடுத்து நடந்தேன். பட்டாணி உதடு அசைவது தெரிந்தது. குனிந்து காதை வைத்தேன். "நான்தான் அடிச்சேன். நான்தான் போகணும்." மூச்சு விடுவது மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எத்தனை வாரமாகச் சொல்கிறாளோ. உன்மேல் தப்பே இல்லை கண்ணு என்றேன். என் குரல் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவள் அப்பா வந்து அந்தக் கோலத்திலேயே தூக்கிக்கொண்டு போனார், முன்னால் நீட்டிய கால் அவர் இடுப்பில் இடித்தது. அடுத்த ஞாயிறுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். மற்றவர்களும் அவர் பக்கம்.

அப்புறம் ஒன்று. நீ எழுதியதில் பெரியவர்கள் இரண்டு பேர். கேட்டில் ஒருவர், நடுவில் ஒருவர். கேட்டில் நான். நடுவில் யாரை நினைத்து எழுதினாய்?

அத்தை


ஜூன் 25

அத்தைக்கு,

அவரைத்தான். எழுதும்போது அவர் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பட்டாணி சொன்னது இன்னொரு சட்டம். பந்தை வெளியே அடித்தவர்தான் போய் எடுத்துவர வேண்டும். அது பின்பக்கம் முள்வேலிக்கும் பக்கத்துக் காலி மனைக்கும் போட்ட சட்டம், ரோட்டுப் பக்கம் போனால் நாங்கள்தான் எடுப்போம். அவளுக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்வது? தன் முறைக்கு வேறொருவர் போனார், வரவில்லை.

உன்மேல் தப்பில்லை என்று இனி யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம். ஒரு வருஷமாக வீட்டில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சொல்லச் சொல்ல, அதைப் பற்றித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள் என்று அவளுக்கு உறுதியாகும். இது பேசித் தீராது. ஆடித்தான் தீரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரே ஆட்டம். எல்லாரும் பந்தை ரோட்டுக்கு அடிக்க வேண்டும். எல்லாரும் போய் எடுத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும். வரிசை இல்லை, முறை இல்லை, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அவள் போகாமல் நின்றால் நிற்கட்டும்.

அதற்கு ரோடு நம் கையில் இருக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இந்த ஆட்டத்தை நான் இதுவரை யாரையும் ஆட வைத்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிறு காலை நான் எங்கே இருந்தாலும் அந்த நேரத்தில் என் கை நின்றுதான் போகும்.


ஜூன் 28, ஞாயிறு

மருமகளே,

ரோட்டைப் பிடிப்பது பெரிய வேலையா? தெருவின் இரண்டு முனையிலும் நம் லாரிகளைக் குறுக்கே போட்டேன். ஒன்றுக்கு இஞ்சின் ரிப்பேர், ஒன்றுக்கு டயர் பஞ்சர் என்று சொல்லச் சொன்னேன். போலீஸ்காரர் வந்தார். இரண்டு வண்டிக்கும் ஒரே நேரத்தில் வியாதியா என்றார். உள்ளே நடப்பதைப் பாருங்கள், பிறகு வழக்குப் போடுங்கள் என்றேன். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் தையல்காரர். எந்த வண்டியும் வராத ரோடு எவ்வளவு அகலம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

கேட்டை அகலத் திறந்து வைத்து நான் அதில் நின்றேன். பிள்ளைகளிடம் ஒரே வார்த்தைதான் சொன்னேன். "வெளிய அடிங்க." நம்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வெளியே அடித்ததற்காகத்தானே எல்லாம் என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. மூட்டைதான் முதலில் அடித்தான், கண்ணை மூடிக்கொண்டு. பந்து எதிர்ச்சுவரில் மோதி ரோட்டில் உருண்டது. அவன் கேட்டு வரை வந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் விலகி வழி விட்டேன். அந்த விலகல் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். போனான், எடுத்தான், திரும்ப உள்ளே வந்தான்.

வந்துவிட்டான். அதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

பிறகு தடுக்க முடியவில்லை. பந்து பந்தாக வெளியே பறக்கிறது, பிள்ளைகள் பின்னாலேயே பாய்கிறார்கள், ரோடு முழுக்க மஞ்சள் பனியன். போகிறதும் வருகிறதுமாக என் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒவ்வொரு தலையாக உள்ளே வருவதை எண்ணிக்கொண்டே இருந்தேன். பட்டாணி மட்டும் நடுவில் நின்றாள், முதுகைக் காட்டிக்கொண்டு. நீ சொன்னபடி கூப்பிடவில்லை. அவள் அப்பா எழுந்து வரப் பார்த்தார், கையைக் காட்டி உட்கார வைத்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அவள் பந்தைக் காலால் இழுத்துக்கொண்டே திரும்பினாள். பார்த்து நிதானமாக அடித்தாள். பந்து என் பக்கத்தில் போனது. நடந்துதான் வந்தாள், ஓடவில்லை. என் புடவையைப் பிடித்துக்கொண்டு ரோட்டை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். விட்டுவிட்டுப் போனாள். அந்தப் பந்து அவன் விழுந்த இடத்தைத் தாண்டிக் கிடந்தது. அவள் அந்த இடத்தைச் சுற்றிப் போகவில்லை, தாண்டிக் குதிக்கவும் இல்லை. அங்கே நின்று தரையைப் பார்த்துவிட்டு, பிறகு போய் எடுத்தாள். பந்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது மைதானத்தில் பழையபடி சத்தம் அறுந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் சிலை. தோற்றோம் என்றுதான் நினைத்தேன்.

அவள் அவர்கள் நடுவில் போய் நின்றாள். "கோச்சண்ணா வர மாட்டாங்க," என்றாள். "நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

பெரியவர்கள் நாங்கள் இத்தனை பேர் இருந்தும் இந்த ஒரு வார்த்தையை அந்தப் பிள்ளைகளிடம் யாரும் சொன்னதில்லை. சாமிகிட்ட போயிட்டார், ஊருக்குப் போயிருக்கார், எங்கிருந்தோ பார்த்துக்கொண்டே இருப்பார், இப்படித்தான் ஆளுக்கொன்று சொல்லிவைத்திருந்தோம். பார்த்துக்கொண்டே இருக்கிறவர் முன்னால் எப்படி அசைவார்கள்? ஒரு பையன் அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். இன்னும் இரண்டு பேர். நான் போகவில்லை. கேட்டை விட்டு நகரக் கூடாது என்று நீ எழுதியிருக்கிறாய்.

அழுகை ஓய்வதற்கு முன்பே, மூட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப த்ரோ எங்களுக்கா?" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை, பந்தை வெளியே அடித்தால் எதிர்க் கட்சிதான் அதைக் கையால் உள்ளே எறிய வேண்டுமாம், அதுதான் த்ரோ. அவனுடைய கட்சிக்காரர்கள் எங்களுக்குத்தான் என்றார்கள், பட்டாணி கட்சியில் ஒருத்தன் அதெப்படி, கடைசியா உன் கால்ல பட்டுச்சு என்றான். அன்றைய ஆட்டம்! போன வருஷத்து ஆட்டம்! யார் எங்கே நின்றார்கள், யார் காலில் பட்டது, எத்தனைக்கு எத்தனை என்று அத்தனையும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். சண்டை முற்றிக் கடைசியில் என்னிடம் வந்தார்கள், ஜன்னலில் நின்று பார்த்தவள் நான்தானே என்று. எனக்கு என்ன தெரியும்? அவனைத்தான் கேட்கணும் என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பட்டாணிதான் முடித்து வைத்தாள். "நான்தான் அடிச்சேன். த்ரோ உங்களுக்கு." சொல்லிவிட்டுப் பந்தை மூட்டை கையில் கொடுத்தாள். போன வாரம் குனிந்து கேட்டேனே, அதே வார்த்தை. இன்றைக்கு அது வெறும் த்ரோ.

மூட்டை கோட்டில் நின்று இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் போட்டான். பந்து உள்ளே வந்தது. ஆட்டம் அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் நடந்தது, யார் ஜெயித்தார்கள் என்று என்னைக் கேட்காதே, நான் சரியாகப் பார்க்கவில்லை, கண்ணில் தூசி. பசித்ததும் அவர்களாகவே கலைந்தார்கள். யாரையும் யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. போகும்போது பட்டாணியின் அப்பா, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். போலீஸ்காரர் வியாதிக்கார லாரிகளைக் குணப்படுத்திவிட்டுப் போனார்.

இப்போது மைதானத்தில் யாரும் இல்லை. வெயில் சாய்ந்துவிட்டது. நான் இன்னும் கேட்டில்தான் இருக்கிறேன், கடையிலிருந்து நாற்காலியும் அட்டையும் கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்து இதை எழுதுகிறேன். மேஸ்திரி இரண்டு தடவை வந்து, வீட்டுக்குப் போங்கம்மா என்றான். தையல்காரர் வீட்டம்மாவும் வந்து சொல்லிப் பார்த்தாள். எனக்குக் காலே வரவில்லை.

நகரக் கூடாது என்று நிறுத்தினவள்தான் வந்து சொல்ல வேண்டும். லாரி இன்று ராத்திரியே உன் பக்கம் புறப்படுகிறது. திரும்பி வரும்போது முன் சீட்டில் இடம் இருக்கும்.

அத்தை